ட்ரோமெலின்: காத்துக் கிடந்தவர்கள் அல்லர்

கடல் நடுவே ஆளில்லாத தீவில் ஒதுங்கி உயிர் பிழைத்தவர் என்றால் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஓர் ஆணின் உருவம்தான். தாடி வளர்த்து, ஆட்டுத்தோல் போர்த்தி, ஒற்றையாளாக நின்று இயற்கையை வென்ற ஐரோப்பியன் அவன். டேனியல் டீஃபோ 1719-இல் வெளியிட்ட ராபின்சன் குரூசோ அந்த உருவத்தை நிலைநாட்டியது. அந்நூலுக்குத் தூண்டுதலாக இருந்தவர் என்று கருதப்படும் ஸ்காட்லாந்து மாலுமி அலெக்சாண்டர் செல்கிர்க்கின் பெயரால் போற்றப்படும் மரப்பெட்டியும் தேங்காய்ச் சிரட்டைக் கோப்பையும் இன்றும் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1704 முதல் 1709 வரை நான்கு ஆண்டும் நான்கு மாதமும் அவர் தனித்திருந்த பசிபிக் தீவில் அகழாய்வு செய்தவர்கள் கவராயம் ஒன்றின் உடைந்த முனையைக் கண்டெடுத்தார்கள். விரல் நுனியளவு உலோகத் துண்டுதான். ஆனாலும் அச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. சிலி அரசு அத்தீவுக்கே 1966-இல் ராபின்சன் குரூசோ என்று பெயர் மாற்றிவிட்டது. இவற்றில் எதையும் குறைசொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு கதையை அளவுகோலாக வைத்து மற்ற எல்லாத் தீவுகளையும் அளக்கும் பழக்கத்தைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. தனியாளின் மனவலிமையும் ஐரோப்பியக் கருவியறிவும் சேர்ந்தால் அது வெற்றி. மற்றவர் பிழைத்தால் அது தற்செயல், அல்லது கடவுள் கருணை. இந்தக் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதற்கு இந்தியப் பெருங்கடலில் ட்ரோமெலின் என்னும் மணல்திட்டு சான்று வைத்திருக்கிறது.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறக்குறைய 450 கிலோமீட்டர் தள்ளி, ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் தீவு அது. அன்றைய பிரெஞ்சு வரைபடங்களில் அதற்கு மணல் தீவு என்று பெயர். மலை இல்லை, ஓடை இல்லை, நிழல் தரும் மரம் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் மட்டுமே எழும் தரையில் சில புதர்கள், ஆண்டு முழுவதும் காற்று, பருவத்தில் புயல். 1761 ஜூலை 31 இரவு பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் யூட்டில் என்னும் கப்பல் இதன் பவளப்பாறையில் மோதி உடைந்தது. கப்பலில் ஏறத்தாழ 140 பிரெஞ்சுக்காரர்களோடு மடகாஸ்கரின் ஃபூல்ப்வான்ட் துறைமுகத்தில் ஏற்றிய 160 மலகாசி மக்களும் இருந்தார்கள். அவர்களை அடிமைகளாக விற்கக் கொண்டுபோவதே தடைசெய்யப்பட்ட வணிகம். அந்த ஆண்டு ஜனவரியில்தான் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்திருந்தது. முற்றுகையும் உணவுத் தட்டுப்பாடும் வருமென்று அஞ்சிய ஈல் தெ பிரான்ஸ், அதாவது இன்றைய மொரீஷியஸ், நிர்வாகம் அடிமைகளை இறக்குமதி செய்யத் தடை போட்டிருந்தது. கப்பல் தலைவர் லா ஃபார்க் அதை மீறினார். கீழ்த்தட்டில் அடைக்கப்பட்டு மேலே மூடப்பட்டிருந்த மலகாசி மக்களில் பெரும்பகுதியினர் கப்பல் பிளந்தபோது மூழ்கினார்கள். கரை சேர்ந்தவர்களிலும் பலர், கிணறு தோண்டி உவர்நீர் கிடைப்பதற்குள் தாகத்தால் மாண்டார்கள். எஞ்சியவர்களின் உழைப்பையும் சேர்த்து உடைந்த கப்பலின் மரத்தால் ஒரு படகு கட்டப்பட்டது. செப்டம்பர் 27 அன்று 122 பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஏறிப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ அறுபது மலகாசி மக்கள், சில மாத உணவோடும் திரும்பி வருவோம் என்ற வாக்குறுதியோடும், மணலில் விடப்பட்டார்கள். கப்பல் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டது 1776 நவம்பர் 29 அன்று. அப்போது தீவில் இருந்தவர்கள் ஏழு பெண்களும் எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றும்.

இக்கதை வழக்கமாகச் சொல்லப்படும் விதத்தில் இரண்டு முனைகள் மட்டுமே உண்டு: கைவிடப்பட்ட நாள் ஒன்று, மீட்கப்பட்ட நாள் ஒன்று. நடுவிலுள்ள பதினைந்து ஆண்டுகள் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பாவப்பட்ட சிலர் அடிவானத்தைப் பார்த்தபடி காத்துக் கிடந்தார்கள், எப்படியோ சாகாமல் இருந்தார்கள் என்பதே படிப்பவர் மனத்தில் தங்கும் சித்திரம். இரக்கத்தோடு எழுதுபவர்கள்கூட இதைத்தான் எழுதுகிறார்கள். தீவு தாங்கி நிற்பதோ மீட்க வந்த கப்பலின் தலைவர் ட்ரோமெலினின் பெயரை. இந்தச் சித்திரம் சான்றுகளுக்கு நேர்மாறானது என்பதே என் வாதம். தீவு விட்டுவைத்திருக்கும் பொருள்கள் ஒரு சமூகத்தின் கைவேலைகள். திட்டமிட்டுக் கட்டி, பழுது பார்த்து, பங்கிட்டு, பழைய வழக்கத்தைத் தேவைப்பட்ட இடத்தில் மாற்றி வாழ்ந்த மக்கள் அவர்கள்.

அகழாய்வு 2006-இல் தொடங்கி 2008, 2010, 2013 ஆண்டுகளில் தொடர்ந்தது. பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றியவரும் கடலாய்வுத் தொல்லியலாளருமான மாக்ஸ் கெரூவும் தொல்லியலாளர் தோமா ரொமோனும் அதை நடத்தினார்கள். யுனெஸ்கோவின் ஆதரவும் இருந்தது. கிடைத்தவற்றில் முதலில் பார்க்க வேண்டியவை செம்புப் பாத்திரங்கள். கப்பலிலிருந்து வந்த செம்பையும் செப்புத் தகடுகளையும் கொண்டு கிண்ணங்களும் கரண்டிகளும் செய்திருக்கிறார்கள். பாத்திரம் ஓட்டையானபோது வேறொரு தகட்டை வெட்டி, துளையிட்டு, ரிவெட் அடித்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒட்டுக்கு மேல் ஒட்டாக ஒரே பாத்திரத்தில் பல முறை இது நடந்திருக்கிறது. செம்பை அடிக்க அடிக்க அது இறுகும். தொடர்ந்து அடித்தால் விரிசல் விடும். நெருப்பில் காய்ச்சி இளக்கிய பிறகே மேலும் வளைக்க முடியும் என்பது கன்னார் எல்லாருக்கும் தெரிந்த பாடம். நீர் கசியாதபடி ஒட்டுத்தகடு பொருந்த வேண்டுமென்றால் துளைகள் நேராக அமைய வேண்டும். ரிவெட்டின் தலை அடியிலும் மேலேயும் பரந்து பிடிக்க வேண்டும். ஒருவருக்கு ஒருநாள் திடீரென்று தோன்றிச் செய்யும் வேலையல்ல இது. பழகிய கை வேண்டும். அந்தப் பழக்கம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பலர் இறந்தார்கள், சிலர் கடலில் புறப்பட்டுப் போனார்கள். ஆனாலும் பாத்திரங்கள் கடைசிவரை பயன்பாட்டில் இருந்தன. நீர் பிடித்து வைக்க ஈயத்தால் பெரிய தொட்டிகளும் செய்துகொண்டார்கள். உவர்ப்பான ஒரே கிணற்றை நம்பியவர்களுக்கு மழைநீர் எவ்வளவு அருமையானது என்பதை எண்ணினால் அந்தத் தொட்டிகளின் பொருள் விளங்கும். நாளைக்கு வேண்டுமென்று இன்று சேர்த்துவைப்பவர்கள் கையற்றுக் காத்திருப்பவர்களாக இருக்க முடியாது.

வீடுகள் இன்னும் ஆழமான சான்று. தீவின் உயர்ந்த பகுதியில் பவளக்கற்களையும் கடற்கரை மணற்பாறைப் பலகைகளையும் அடுக்கி மிகத் தடித்த சுவர்களோடு அறைகள் கட்டப்பட்டிருக்கின்றன. அவை சிதறிக் கிடக்கவில்லை. ஒன்றையொன்று அணைத்தபடி, நடுவில் ஒரு முற்றத்தைச் சுற்றி நெருங்கி நிற்கின்றன. மரம் இல்லாத தீவில், கப்பல் மரத்தை எரிக்கவும் வேண்டியிருக்கையில், புயலைத் தாங்க இதைவிட வேறு வழி இல்லை. ஆனால் மடகாஸ்கரின் பல பகுதிகளில், குறிப்பாக மேட்டுநிலத்தில், அக்காலத்தில் கல் இறந்தோருக்கு உரியது. கல்லறையைக் கல்லால் கட்டுவார்கள். உயிரோடு இருப்பவர் வீடு மரத்தாலும் புல்லாலும் ஆனது. அந்த விலக்கைத் தெரிந்து வளர்ந்தவர்கள் கல்லுக்குள் குடியிருக்க முடிவு செய்தார்கள். முன்னோர் வகுத்த எல்லையைக் கடப்பது எந்த மக்களுக்கும் எளிதல்ல. அதைப் பற்றி அவர்கள் பேசியிருக்க வேண்டும், தயங்கியிருக்க வேண்டும், ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் மனம் மாறிக் கட்டியதல்ல. அறைகள் பல, முற்றம் ஒன்று. இந்தக் கற்களை வெறும் தங்குமிடம் என்று எழுதிவிட்டுக் கடந்துபோவது, அங்கே நடந்த மிகப் பெரிய மன உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதாகும். எனக்கு இத்தீவின் பொருள்களிலேயே மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது இந்தச் சுவர்தான்.

குப்பைமேட்டு எலும்புகளில் கடற்பறவைகளும் கடலாமைகளும் தெரிகின்றன. அவற்றிலும் ஆலாப் பறவைகள் மிகுதி. ஓயாத அலையடிப்பில் மீன்பிடித்தல் எளிதாக இருந்திருக்காது. பறவை உணவானது, அதன் இறகு ஆடையானது. மீட்கப்பட்டபோது பெண்கள் இறகுகளைப் பின்னிய உடை உடுத்தியிருந்தார்கள் என்பது அக்காலப் பதிவு. நெருப்பைப் பதினைந்து ஆண்டும் அணையாமல் காத்தார்கள் என்று ஒரு மரபுச் செய்தி உண்டு. அகழாய்வில் தீத்தட்டும் இரும்பும் சிக்கிமுக்கிக் கற்களும் கிடைத்திருப்பதால், அணைந்தாலும் மீண்டும் மூட்டத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பது உறுதியாகிறது. இவற்றோடு செம்பில் செய்த வளையங்களும் அணிகளும் உள்ளன. தேவைக்கு மட்டும் வாழ்ந்தவர்கள் என்று எண்ணுபவர்கள் இவற்றின் முன் சற்று நிற்க வேண்டும். கரண்டிக்கும் கிண்ணத்துக்கும் வேண்டிய அதே செம்பில் ஒரு பங்கை எடுத்துக் கையணி செய்தவர், தன்னை இன்னும் ஒருவர் பார்க்கும் மனுஷியாக, ஓர் ஊரின் பெண்ணாக எண்ணிக்கொண்டவர்.

இதற்கு முதல் மறுப்பு எதிர்பார்க்கக்கூடியதே: செம்பும் ஈயமும் இரும்பும் பிரெஞ்சுக் கப்பலிலிருந்து வந்தவை, கிணற்றைத் தோண்டியதும் ஒழுங்கை நிலைநாட்டியதும் முதல் லெப்டினன்ட் காஸ்தெலான், ஆகவே பிழைப்பின் அடித்தளம் ஐரோப்பியருடையதே என்பது. காஸ்தெலானின் திறமையை மறைக்க வேண்டியதில்லை. தலைவர் நிலைகுலைந்துபோன நேரத்தில் பொறுப்பேற்று, இரண்டே மாதத்தில் கடல் தாங்கும் படகைக் கட்டி முடித்தவர் அவர். ஆனால் அவர் தீவில் இருந்தது இரண்டு மாதம். கிணறு ஒருமுறை தோண்டினால் போதாது. மணலில் தோண்டிய கிணற்றைத் தூர்ந்துபோகாமல் பதினைந்து ஆண்டு காக்க வேண்டும். மூலப்பொருள் கப்பலுடையது என்ற வாதத்தைச் செல்கிர்க்கின் மேல் யாராவது வைக்கிறார்களா? அவரிடமும் துப்பாக்கி, வெடிமருந்து, கோடரி, கத்தி, கொப்பரை, கடற்பயணக் கருவிகள் எல்லாம் கப்பலிலிருந்து வந்தவையே. அவர் தீவில் நல்ல நீரோடைகளும் காடும் முன்னர் வந்தவர்கள் விட்டுச்சென்ற ஆடுகளும் இருந்தன. அங்கே கருவி இருந்தும் வெற்றி மனிதனுடையது என்று பாடுகிறோம். இங்கே கருவி இருந்ததால் வெற்றி கருவியுடையது என்கிறோம். ஒரே அளவுகோலை இருவருக்கும் வைத்தால், நீரும் மரமும் அற்ற திட்டில் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட காலம் வாழ்ந்து காட்டியவர்களின் செயலே அரியது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைவிடக் கனமானது இரண்டாவது மறுப்பு. அறுபது பேரில் எட்டுப் பேர்தான் எஞ்சினார்கள், அதிலும் ஒன்று அங்கே பிறந்த குழந்தை. இதைச் சமூகத்தின் சாதனை என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அங்கே சாவு நிறைய நிகழ்ந்தது. ஆனால் எஞ்சாதவர் எல்லாரும் தீவில் மாண்டவர் அல்லர். சிலர் தொடக்க ஆண்டுகளிலேயே படகு ஒன்று அமைத்து மடகாஸ்கரை நோக்கிப் புறப்பட்டுப் போனதாக மீட்கப்பட்டவர்களின் வாய்மொழியாக வந்திருக்கிறது. 1775-இல் வந்த ஒரு கப்பல் கரைக்கு அனுப்பிய மாலுமி ஒருவர் திரும்ப முடியாமல் தீவிலேயே சிக்கிக்கொண்டார். பிறகு அவர் மூன்று ஆண்களோடும் மூன்று பெண்களோடும் தெப்பம் ஒன்றில் புறப்பட்டார். அவர்கள் யாரும் திரும்பவில்லை. அதாவது கணக்கில் ‘இழப்பு’ என்று நாம் எழுதுவதில் ஒரு பகுதி, தாமே முயன்று வெளியேறத் துணிந்தவர்கள். எஞ்சிய எட்டுப் பேருக்குள் ஒரு பாட்டியும் அவர் மகளும் பேரனும் இருந்தார்கள். பேறு பார்க்கவும் சிசுவைக் காக்கவும், மரநிழல்கூட இல்லாத மணல்திட்டில் எட்டு மாதம் வளர்க்கவும் முடிந்த இடம் அது. மூன்று தலைமுறை ஒருசேர நிற்கும் கூட்டத்தைக் கடைசி மூச்சு விடும் எச்சம் என்று சொல்வது உண்மைக்குப் புறம்பு.

பாத்திரத்திலிருந்தும் சுவரிலிருந்தும் சமூக வாழ்வைப் படிப்பது ஊகம்தானே, அவர்கள் எழுதி வைத்தது எதுவும் இல்லையே என்று கேட்பவர்களும் உண்டு. ஊகம் எங்கே தொடங்குகிறது என்பதை மறைக்கக் கூடாது என்பது சரிதான். யார் தலைமை தாங்கினார், எப்படி வழக்கு தீர்த்தார்கள், இறந்தவர்களுக்கு என்ன சடங்கு செய்தார்கள் என்பதையெல்லாம் பொருள்களிலிருந்து எடுத்துவிட முடியாது, நானும் எடுக்கவில்லை. 1950-களில் கட்டிய வானிலை நிலையம் அந்த இடத்தின் ஒரு பகுதியைக் கலைத்தும்விட்டது. ஆனால் நெருக்கமாகக் கட்டிய வீடு நெருக்கமாகக் கட்டிய வீடுதான். பலமுறை ஒட்டுப்போட்ட பாத்திரம் பலமுறை ஒட்டுப்போட்டதுதான். அதற்கு எழுத்துச் சான்று தேவையில்லை. எழுத்துச் சான்று என்று நம்மிடம் இருப்பதோ, அந்த மக்களைச் சரக்காக ஏற்றிய கம்பெனியின் ஆட்களும் அதிகாரிகளும் எழுதியவை. அவற்றை ஆதாரம் என்றும் கற்களை ஊகம் என்றும் தரம் பிரித்தால், பேனா வைத்திருந்தவன் பக்கமே எப்போதும் தீர்ப்பு விழும்.

மீதமிருப்பது மிக நேர்மையான மறுப்பு. இவர்களின் திறமையை இப்படி உயர்த்திப் பேசினால் அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை மங்கிவிடாதா, சமாளித்துக்கொண்டார்கள் அல்லவா என்று குற்றவாளிகள் தப்பிவிட மாட்டார்களா? இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் குற்றத்தை உண்மையில் மங்கவைப்பது மறந்துபோனார்கள் என்ற கதைதான். யாரும் மறக்கவில்லை. படகில் தப்பியவர்கள் கரை சேர்ந்து, ஈல் தெ பிரான்ஸை அடைந்ததும் காஸ்தெலான் கப்பல் கேட்டார். ஆளுநர் தெஃபோர்ஜ்-பூஷே மறுத்தார். தன் தடையை மீறி வாங்கப்பட்டவர்கள் என்பதால் அவர்களுக்காக ஒரு கப்பலையும் அனுப்பத் தயாராக இல்லை. செய்தி பாரிஸ் வரை போனது. ஆங்கிலேயரோடு நடந்த போர் முடிந்தது, கம்பெனியே நொடித்தது, ஆட்சி கைமாறியது. 1773-இல் அவ்வழியே போன கப்பல் தீவில் ஆட்கள் இருப்பதைத் தெரிவித்தது. பிறகு அனுப்பிய கப்பல்கள் கரை நெருங்க முடியாமல் திரும்பின. தெரிந்தே பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கு மறதி என்று பெயரிட்டால் பொறுப்பாளியே இல்லாமல் போகிறான். இதற்கு மாறாக, அந்த மக்களின் ஆற்றலைச் சரியாக எடைபோட்டால் குற்றம் பெரிதாகிறது. முதல் ஆண்டிலேயே கப்பல் சென்றிருந்தால் அறுபது பேரையும் உயிரோடு அழைத்து வந்திருக்கலாம் என்பதற்கு, பதினைந்தாம் ஆண்டிலும் அடுப்பில் இருந்த அந்தக் கிண்ணங்களே சாட்சி. தத்துவவாதி கொந்தோர்சே 1781-இல் அடிமை முறையை எதிர்த்து எழுதிய நூலில் இந்நிகழ்வைக் குறிப்பிட்டார். கொடுமையைக் காட்ட அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அகழாய்வுக்குப் பின் வந்த நமக்கு அது போதாது. அவர் காணாத சுவர்களையும் பாத்திரங்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

மொரீஷியஸ் வந்த பெண்களையும் குழந்தையையும் அங்கிருந்த நிர்வாகம் அடிமைகள் அல்லர் என்று அறிவித்தது. சட்டத்துக்குப் புறம்பாக வாங்கப்பட்டவர்கள் என்பதுதான் காரணம். குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் மொயீஸ் என்று பெயர் வைத்தார்கள். தாய் செமியாவுக்கு ஏவாள் என்றும், பாட்டிக்கு மீட்டு வந்த கப்பலின் பெயரான தோஃபின் என்றும் பெயர் மாற்றினார்கள். அதிகாரிகள் கொடுத்த இந்த விடுதலையோடு கதை முடிவதாகப் புத்தகங்கள் எழுதுகின்றன. அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளும் அவர்களுக்கு எசமானன் என்று ஒருவன் அத்தீவில் இருந்ததில்லை.

தமிழில் கடற்கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்பவர்களுக்கும் பாடநூல் எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குரூசோவைச் சொல்லுங்கள், செல்கிர்க்கையும் சொல்லுங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ட்ரோமெலினையும் வையுங்கள். வைக்கும்போது கப்பல் வந்த நாளிலிருந்து தொடங்காமல், பவளக்கல்லை அடுக்கி முதல் சுவர் எழுப்பிய நாளிலிருந்து தொடங்குங்கள்.